கொற்றவையின் கண்ணில் வைத்த பொட்டு

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் அலைதடுப்புக் கற்கள் கடலுக்குள் நீண்டு முடியும் இடத்தில் விண்காப்புப் படையின் காவல்மேடை ஒன்று இருந்தது. மேலே தகரக் கூரை. மூன்று புறமும் மணல்மூட்டை. நான்காம் புறம் வங்கக் கடல். மேடையின் நடுவே, முக்காலியின்மீது, வானை நோக்கி முகம் நிமிர்த்தி வீற்றிருந்தாள் கொற்றவை.

கொற்றவை என்பது படையார் தம் பல்நோக்கு இயந்திரத் துப்பாக்கிக்கு இட்ட பெயர். தோளில் சுமந்து செல்லலாம், இரு கால் விரித்துத் தரையில் கிடத்தலாம், வண்டியில் பூட்டலாம், முக்காலியில் ஏற்றி விண்கலத்தின்மேல் ஏவலாம். அத்தனைக்கும் ஒரே கருவி. குழலுக்கு மேலே, சோற்றுத்தட்டின் அகலத்தில், அதற்கு ஒரு கண்ணாடிக் கண் உண்டு. எதிர்வருவதை அக்கண்ணால் தானே நோக்கி, பகையா சுற்றமா என்று தானே தெளிந்து, அதன் பின்னரே அது சுடும். தெளிந்ததை வாய்விட்டுச் சொல்லவும் செய்யும். சந்திரனில் உள்ள தலைமையகத்தில் எவரோ ஒரு தமிழ்ப்பற்றாளர் அதற்குக் குரல் கொடுத்திருந்தார். பகையைக் கண்டால், "பகை. சுடுகின்றேன்" என்னும். படையின் சின்னமாகிய மஞ்சள் வட்டத்தையும் அதன் நடுவிலுள்ள சிவப்புப் புள்ளியையும் கண்டால், "சுற்றம். சுடுதல் தகாது. வருக, நலமோ? உணவு உண்டீரோ?" என்னும்.

இது ஏட்டளவில். நடப்பிலோ, முந்தைய ஆண்டுச் சோதனையில் கொற்றவை பகைப் பலகையைச் சுட்டது. அடுத்து, சின்னம் பொறித்த சுற்றப் பலகையையும் சுட்டது. பின்னர் வானில் சென்ற பருந்து ஒன்றை மிரட்டிவிட்டு, சோதனைக்கு வந்த மேஜர் தேவகிருபையின் ஜீப்புக் கண்ணாடியையும் சுட்டது. மேஜர் உடைந்த கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"அடுத்த வருஷமும் இது சொந்தக்காரன் யாரு, எதிரி யாருன்னு தெரியாம சுட்டுச்சுன்னா, இந்த போஸ்ட்ட மூடிடுவாங்க. துப்பாக்கி மீஞ்சூர் குடோனுக்கு. நீங்க சந்திரனுக்கு."

மேடையில் பணியாற்றியவர் மூவர். தோட்டாப் பட்டை ஊட்டுபவன் வண்ணாரப்பேட்டை உசேன். அவனுக்குச் சந்திரன்மேல் சிறிது ஆசையே உண்டு. அங்கு சைக்கிள் மிதித்தால் பறக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பழுது பார்ப்பவன் வியாசர்பாடி பீம்ராவ். அங்கு குவார்ட்டர்ஸ் பெரிது என்பதால் அவனுக்கும் மறுப்பில்லை. மறுப்பெல்லாம் மேடைத் தலைவியாகிய ஹவில்தார் கெங்கம்மாளுக்கே. கணவனை இழந்த அவள், புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டில் மகள் அம்முவோடு வாழ்பவள். அம்மு பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தாள். சந்திரனுக்குச் சென்றவர் மூன்றாண்டு திரும்ப முடியாது. பிள்ளைகளை அழைத்துச் செல்லவும் விதியில்லை. இன்னொன்றும் உண்டு. வெள்ளிதோறும் திருவொற்றியூர் வடிவுடையம்மன் திருமுன் நின்று கண்ணீர் மல்குவது கெங்கம்மாளின் வழக்கம். சந்திரனில் ஒரு பகல் இரு வாரம் நீளுமாம். அங்கு வெள்ளிக்கிழமை எப்போது விடியும் என்று அவள் கேட்டபோது தலைமையகத்தில் எவராலும் விடை கூற இயலவில்லை.

ஆகவே இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் புரட்டாசியில் ஆயுதபூஜை வந்தபோது, சோதனைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்ற நம்பிக்கையில், கெங்கம்மாள் கொற்றவைக்கு முன்னெப்போதும் இல்லாத சிறப்போடு பூசை இட்டாள். துறைமுகமெங்கும் அன்று பூசை. விசைப்படகுகளின் எந்திரங்களும், ஐஸ் உடைக்கும் கருவிகளும், ஷேர் ஆட்டோக்களும் சாமந்தி மாலை சூடி நின்றன. மேடையின் இருபுறமும் வாழைக்கன்று கட்டினாள். பொரியும் கடலையும் வெல்லமும் குவித்தாள். குழலுக்கு மாலை சாத்தினாள். பின்னர்ச் சந்தனக் கிண்ணத்தோடு கொற்றவையின் முன் நின்று சற்றே திகைத்தாள். பொட்டு நெற்றியில் வைக்க வேண்டும். கொற்றவைக்கு நெற்றி இல்லை. கண் மட்டுமே உண்டு.

"அதுல வைக்காத யக்கா. அது கண்ணு," என்றான் பீம்ராவ், தள்ளி நின்று.

"ஆட்டோக்கு ஹெட்லைட்டு மேல தான வைக்கிறாங்கோ? அது மட்டும் கண்ணு இல்லியா?"

"ஆட்டோ யாரையும் சுடாது."

"எங்க ஏரியா ஆட்டோவ நீ பாத்தது இல்ல," என்றாள் கெங்கம்மாள். கண்ணாடியின் நடுவே சந்தனத்தை வட்டமாய் இட்டு, அதன் மையத்தில் குங்குமத்தைத் திருத்தமாய்ப் பதித்தாள். கற்பூரம் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். "தாயே, என்ன நெலாவுக்கு மட்டும் அனுப்பிடாத. எம்பொண்ணு ஒண்டியா கீது."

பூசணிக்காய் உடைபட்டது. பூசை முடிந்தது. முறைப்படி, இனி மறுநாள் காலை மறுபூசை முடியும்வரை கருவியைத் தொடுவதோ அதனிடம் வேலை வாங்குவதோ கூடாது. கெங்கம்மாள் மனநிறைவோடு பொரியை அள்ளி வாயிலிட்டாள்.

அப்போது அலைதடுப்புக் கற்களின்மேல் குலுங்கிக் குலுங்கி ஒரு ஜீப்பு வந்தது. புதிய கண்ணாடி பூட்டிய ஜீப்பு.

"சோதன இன்னிக்கே," என்றபடி இறங்கினார் மேஜர் தேவகிருபை. ராயபுரத்தில் பிறந்து மீஞ்சூரில் பதவி வகிப்பவர், விறைப்பானவர். "சந்திரன்ல தேதி மாத்திட்டாங்க."

"இன்னிக்கு ஆயுதபூஜ மேடம்!"

"அது எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியல. அங்க பஞ்சாங்கம் செல்லாது."

"நாளிக்கி காலீல வெச்சிக்கலாமே?"

"இன்னிக்கு சோதன நடக்கலன்னா தோத்ததா அர்த்தம். மேலதான் உத்தரவு. எனக்கு மட்டும் லீவு நாள்ல இந்தக் கல்லு மேல ஜீப்பு ஓட்ட ஆசையா?"

வேறு வழியில்லாமல், கெங்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கொற்றவையைக் கையால் தொடாமல், பக்கத்திலிருந்த பொத்தானைத் தேங்காய் நாரால் அழுத்தினாள். கொற்றவை உயிர்த்தது. உசேன் சுற்றப் பலகையைத் தூக்கிப் பிடித்தான்.

"சுற்றம். சுடுதல் தகாது. வருக, நலமோ? உணவு உண்டீரோ?"

மேஜரின் புருவம் உயர்ந்தது. கெங்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்றே எண்ணினாள். அடுத்து உசேன் கரிய நிறப் பகைப் பலகையைத் தூக்கினான்.

"சுற்றம். சுடுதல் தகாது. வருக, நலமோ? உணவு உண்டீரோ?"

பலகையை இடமும் வலமும் அசைத்தான். பதுங்கிப் பதுங்கி எழுந்தான். பல்லைக் கடித்து உறுமியும் பார்த்தான். கொற்றவை அவனிடம் மீண்டும் மீண்டும் நலம் கேட்டது. கடலையும், பருந்தையும், எண்ணூர்ப் பக்கம் புகையும் புகைபோக்கிகளையும் நோக்கி அதே பரிவோடு உணவு உண்டீரோ என்றது.

பீம்ராவ் குனிந்து அதன் கண்ணைப் பார்த்தான். "நான் அப்பவே சொன்னேன். மஞ்சா வட்டம், நடுவுல செவப்பு. நம்ம படை சின்னம்தான் அது. அத்தக் கண்ணுலயே ஒட்டி வெச்சா, பாக்கறது எல்லாம் சொந்தக்காரனாத்தான் தெரியும்."

"அவ்வளவுதானே? தொடச்சிட்டு மறுபடி போடுங்க," என்றார் மேஜர்.

ஒருவரும் அசையவில்லை.

"கெங்கம்மா, உங்களத்தான்."

"மேடம், கற்பூரம் காட்டியாச்சி. நாளிக்கி காலீல வரிக்கும் தொடக்கூடாது. வேண்டுதலு வேற வெச்சிகீறேன். சாமி பொட்ட என் கையால அழிச்சிட்டு, அப்பால எந்த மூஞ்சிய வெச்சிக்கினு ஒத்தியூருக்குப் போவேன்?"

"உசேன், நீங்க தொடைங்க."

உசேன் இரண்டு அடி பின்வாங்கினான். "யம்மா, வேற எது வேணாலும் சொல்லுங்கோ. கடல்ல குதிக்கச் சொல்லுங்கோ, குதிக்கிறேன். பூஜ போட்ட பொட்ட உசேன் அழிச்சான்னு ஒருத்தன் பாத்தான்னா, சாயங்காலத்துக்குள்ள மாதவரம் வரிக்கும் பூடும் சேதி. எங்க வாப்பா என்ன வூட்டுக்குள்ளயே சேக்க மாட்டாரு."

"பீம்ராவ்?"

"எங்க வூட்ல பௌத்தத்துக்கு மாறி உறுதிமொழி எடுத்திருக்கோம் மேடம். பொட்டு நான் வைக்கவும் மாட்டேன், தொடைக்கவும் மாட்டேன். வைக்கிறதும் சடங்கு, எடுக்கிறதும் சடங்கு. ரெண்டுக்கும் நான் ஆளு இல்ல."

மேஜர் தம் கைக்குட்டையை உருவிக்கொண்டு விறுவிறுவென்று கொற்றவையை நெருங்கினார். கண்ணாடிக்கு ஒரு சாண் தொலைவில் அக்கை நின்றது. போன வருடம் மீஞ்சூரில் ஜீப்பின் முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அவர் அவிழ்க்கச் சொன்னதும், கிறித்தவ அதிகாரி பழத்தின்மேல் கைவைத்தார் என்று சந்திரன்வரை மனுக்கள் பறந்ததும் அவர் நினைவில் எழுந்தன. கைக்குட்டையால் தம் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"காத்துல தானா உதிருமா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"நல்ல சந்தனம் மேடம். ஒத்தியூர் கோயில் வாசல்ல வாங்கினது," என்றாள் கெங்கம்மாள், அழும் குரலில்.

நால்வரும் பொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றனர். பொட்டு அவர்களை நலம் விசாரித்துக்கொண்டிருந்தது.

அந்நேரத்தில்தான் வானம் இருண்டது. கவிழ்த்த பிரியாணித் தேக்சாவைப் போன்ற ஒரு கலம் மேகத்தைப் பிளந்து இறங்கியது. வியாழக் கோளின் படை அது. மாதம் ஒருமுறை வரும்; கொற்றவை சுடும்; அவர்கள் சாம்பல்நிற நுரையைப் பொழிந்து, காயவைத்த கருவாட்டையெல்லாம் கலீஜாக்கிவிட்டுப் போவார்கள். கலத்தின் உடம்பெங்கும் கொற்றவையின் தோட்டாக்கள் நசுக்கிய குழிகள். சோதனைப் பலகை பொய், இது மெய்ப்பகை.

"சுடு! சுடு!" என்று கத்தினார் மேஜர்.

"சுற்றம்," என்றது கொற்றவை. "சுடுதல் தகாது. வருக, நலமோ? உணவு உண்டீரோ?"

கலம் நடுவானில் நின்றுவிட்டது. நெடுநேரம் அசையவில்லை. பின்னர் மெதுவாய்க் கற்களின்மேல் அமர்ந்தது. மூடி திறந்தது. உள்ளிருந்து ஓர் உருவம் வெளிப்பட்டது. மூன்று கால், வாழையிலை விரிந்தாற்போல் தலை, கைகள் எத்தனை என்று எண்ணுவதற்குள் சில மடங்கி வேறு சில நீண்டன. அது வாய் திறந்தது. பல ஆண்டுகள் மேகத்தின் மறைவிலிருந்து காசிமேட்டு மீன் ஏலத்தை ஒட்டுக்கேட்டே அது தமிழ் கற்றிருந்தது.

"இன்னாமே, இன்னிக்கி சுடலியா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

உசேன் கையிலிருந்த பகைப் பலகை நழுவி விழுந்தது. கெங்கம்மாளுக்கு மட்டும், வாசலில் வந்து நின்றவரை வெறுங்கையோடு நிறுத்தும் பழக்கம் இல்லை. துப்பாக்கி வேறு உணவு உண்டீரோ என்று கேட்டுவிட்டது. கேட்டுவிட்டுக் கொடுக்காமல் இருப்பது எப்படி? பூசைத் தட்டை எடுத்து நீட்டினாள்.

"பொரி. துன்னு."

அது தின்றது. வெல்லத்தைக் கடித்ததும் அதன் தலையிலை சிலிர்த்தது. "சோக்கா கீது," என்றது. "எவ்ளோ வருசமா ஒரே ஒரு விசயம் கேட்டுக்கினு பூடலாம்னு வந்துகினு கீறோம். வாயத் தொறக்கங்காட்டியும் டுமீல் டுமீல்னு சுடுறீங்கோ. காண்டாயி நாங்களும் நொரைய ஊத்திட்டுப் பூடறோம்."

"என்ன விஷயம்?" என்றார் மேஜர்.

அது ஒரு கையை வடக்கே நீட்டியது. எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் அங்கே வானத்தைத் தொட்டுப் புகைந்துகொண்டிருந்தன.

"அவ்ளோ பெரிய அடுப்பு. ராவும் பகலும் எரியுது. எங்க ஊர்லேர்ந்து பாத்தாலே பொகை தெரியுது. அதுல இன்னாதான் வேகுது? இன்னுமா வேகல?"

மூவரும் கெங்கம்மாளைப் பார்த்தனர். அவளே விடை சொன்னாள். "அதுல சோறு ஆக்கல நைனா. கரண்டு ஆக்குறாங்கோ."

"அத்தத் துன்ன முடியுமா?"

"முடியாது. பில்லு வந்தா அதுதான் நம்மளத் துன்னும்."

அதன் தலையிலை வாடித் தொங்கியது. விருந்துக்கு அழைப்பார்கள் என்று தலைமுறை தலைமுறையாய்க் காத்திருந்த ஓர் இனத்தின் ஏமாற்றம் அது. கெங்கம்மாளுக்கு மனம் பொறுக்கவில்லை. மிச்சப் பொரியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். "வெள்ளிக்கெழம வா. சுண்டல் தர்றேன்."

மேஜர் கைப்பேசியில் சந்திரனோடு நெடிது பேசினார். சந்திரன் முதலில் நம்பவில்லை, பின்னர் மகிழ்ந்தது, பின்னர் அஞ்சியது. இறுதியில் உத்தரவு வந்தது. வியாழத்தாருடன் போர் நிறுத்தம். வெள்ளிதோறும் அவர்கள் காசிமேட்டில் இறங்கலாம். இந்த ஒரு துப்பாக்கியைத் தவிர வேறு எதையும் அவர்கள் நம்பாததால், கொற்றவையை இடம் மாற்றலாகாது. அதன் கண்ணிலுள்ள பொட்டு ஒருபோதும் அழியலாகாது. அழிந்தால் அது மீண்டும் சுடும். நல்ல சந்தனமே ஆயினும் கடற்காற்றில் சில நாளே நிற்கும். ஆதலின் பொட்டைப் புதுப்பிக்க ஒருவர் என்றும் மேடையில் இருத்தல் வேண்டும்.

"யாரு வைக்கிறீங்க?" என்று கேட்டார் மேஜர்.

"பூஜ போட்ட துப்பாக்கிக்கு உசேன் பொட்டு வெச்சான்னு தெரிஞ்சா எங்க வாப்பா..." என்று தொடங்கினான் உசேன்.

"நான் தொடைக்கவும் மாட்டேன், வைக்கவும் மாட்டேன்," என்றான் பீம்ராவ்.

மேஜர் தம்மைப் பற்றித் தாமே எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. ஹவில்தார் கெங்கம்மாளுக்கு மாற்று இல்லை, அவரைச் சந்திரனுக்கோ வேறெங்குமோ அனுப்ப இயலாது என்று மேலே சொல்லிவிட்டார். கெங்கம்மாள் கொற்றவையின் முன் விழுந்து வணங்கினாள். கொற்றவை அவளை நலம் கேட்டது.

அம்மு தேர்வுக்குப் படித்தாள். அம்மா மாலைதோறும் வீடு வந்தாள். ஒரே ஒரு குறை. வியாழத்தார் வருவது வெள்ளி. அன்று காலையில் பொட்டை அழிந்ததும் அழியாததுமாய் விட்டுச் செல்ல முடியாது. கெங்கம்மாள் வடிவுடையம்மனைப் பார்த்துப் பல வாரமாயின. நிலாவுக்குப் போகாமலே வெள்ளிக்கிழமை அவளுக்கு இல்லாமல் போயிற்று. ஒரு பாதி நாள் விடுப்புக் கேட்டாள். மேஜர் மற்ற இருவரையும் வரிசையாய்க் கேட்டார். அதே விடைகள் அதே வரிசையில் வந்தன.

தை வெள்ளி ஒன்றில் கலம் இறங்கியது. உசேனும் பீம்ராவும் தேநீர்க் கடைக்குப் போயிருந்தனர்.

"இன்னா யக்கா, மூஞ்சி தொங்கிக்கினு கீது?" என்றது வியாழத்தது, சுண்டலை மென்றபடி.

அவள் சொன்னாள்.

"அவ்ளோதானா? கிண்ணத்த இப்டி குடு. நான் வெச்சிடறேன். எனுக்கு இன்னா, வாப்பாவா உறுதிமொழியா? இத்தினி வருசம் என்ன சுட்ட துப்பாக்கி. அதுக்குப் பொட்டு வைக்க என்னவிட உரிம யாருக்கு கீது?"

கெங்கம்மாளின் முகம் மலர்ந்தது. அடுத்த கணமே வெளிறியது. இன்னொருவர் வைக்கலாம் என்று தெரிந்தால் அவளுக்கு மாற்று வந்துவிடும். மாற்று வந்தால் சந்திரனும் வந்துவிடும். அம்முவுக்குப் பொதுத்தேர்வு இன்னும் முடியவில்லை.

"யாராண்டயும் மூச்சு வுடக்கூடாது. மேஜராண்ட வுட்ட, அப்பால நெலாவுல குந்திக்கினு நான் உன்னச் சபிப்பேன்."

"நான் ஏன் சொல்லப் போறேன்? அந்தம்மா எனுக்கு இன்னா சொந்தமா?"

"சுற்றம்," என்றது கொற்றவை.

கெங்கம்மாள் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு ஷேர் ஆட்டோ ஏறினாள். ஒற்றியூரில் அம்மையின் திருமுன் நின்றபோது அவள் எதையும் வேண்டவில்லை. விளக்கொளியில் அத்திருமுகத்தைக் கண்டாள், கண் பனித்தது, பேசாமல் நின்று வந்தாள்.

திரும்பியபோது மேடையருகே மேஜரின் ஜீப்பு நின்றது. ஓடினாள்.

கொற்றவையின் கண்ணில் பொட்டு இருந்தது. குழலெங்கும் இருந்தது. முக்காலியில், மணல்மூட்டை ஒவ்வொன்றிலும், தகரக் கூரையில், பீம்ராவின் ஸ்பானர்களில், உசேனின் சாப்பாட்டுக் கேரியரின் ஒவ்வோர் அடுக்கிலும் மஞ்சளும் சிவப்புமாய்ப் பொட்டுகள். உசேன் மூலையில் கேரியரைத் தொடாமல் பசியோடு குந்தியிருந்தான். வியாழத்தது தன் கலத்தின் மறைவில் நின்றுகொண்டு, எல்லாக் கைகளையும் பின்னால் மறைக்க முயன்றுகொண்டிருந்தது.

"யாரு வெச்சது இதெல்லாம்?" என்றார் மேஜர்.

"நான்தான் மேடம்," என்றாள் கெங்கம்மாள், மூச்சிரைக்க. "ஆயிரத்தெட்டுப் பொட்டு வேண்டுதலு. குங்குமம் தீந்து பூட்ச்சி, வாங்கியாரப் போனேன்."

மேஜர் ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்தார். கூரையின் உச்சியில், எந்த மனிதக் கையும் எட்டாத இடத்தில் இருந்த பொட்டைச் சற்று அதிக நேரம் பார்த்தார். பின்னர்க் கலத்தைப் பார்த்தார். பின்னர், இவற்றையெல்லாம் துடைக்கச் சொன்னால் யார் துடைப்பார் என்பதை எண்ணினார் போலும், பெருமூச்சு விட்டார்.

"இவ்வளவு வேல இருக்கா இங்க?" என்றார். "உங்கள மாத்தவே முடியாது, கெங்கம்மா."

அவர் ஜீப்பில் ஏறிக் கற்களின்மேல் குலுங்கிச் சென்றார். அவருடைய தொப்பியின் பின்புறத்தில் ஈரம் உலராத பொட்டு ஒன்று இருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. கொற்றவை மட்டும் அவர் கண்மறையும்வரை, உணவு உண்டீரோ, உணவு உண்டீரோ என்று கேட்டுக்கொண்டே இருந்தது.